ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார், மோனை

வா மோனை, வா. காரை வேப்பமரத்தடியில விடு. தென்னைக்குக் கீழ விடாதை. பளைத் தேங்காய்க்கு உன்ர கார் ஜப்பான் சாமான் எண்டு தெரியாது.

ரெண்டு லீற்றர் எஞ்சினுக்குள்ள 280 குதிரை எண்டு சொன்னாய். ரெண்டு மாட்டுக்கே வைக்கல் தேடி ஊரெல்லாம் அலையிறன் நான். நீ 280 குதிரையைக் கட்டி வைச்சுக்கொண்டு, எப்ப ஒயில் மாத்துறதெண்டு என்னட்டைக் கேட்டு வந்திருக்கிறாய். கேக்கிறது நல்லதுதான். கேட்ட விதம்தான் பிழை. "எத்தினை கிலோமீற்றருக்கு ஒருக்கா, அப்பு?" எண்டு கேட்டாய். கலியாணம் கட்டினவனிட்டை "எத்தினை நாளைக்கு ஒருக்காச் சண்டை?" எண்டு கேக்கிற மாதிரி. நாள்க் கணக்கிலயே இருக்குது அது?

சரி, கணக்கும் சொல்லுறன். சாதாரண மினரல் ஒயில் எண்டால் 5,000, சிந்தெற்றிக் எண்டால் 10,000 எண்டு கராஜில சொல்லுவாங்கள். காரோட வந்த புத்தகத்திலயும் ஒரு கணக்கு இருக்கும். அதே புத்தகத்தில கொஞ்சம் தள்ளிப் பார். புழுதி, வெக்கை, கிட்டக்கிட்ட ஓட்டம், நிண்ட நிலையில ஓடுற எஞ்சின், இதுகள் இருந்தால் முன்னமே மாத்து எண்டு இன்னொரு கணக்குச் சின்ன எழுத்தில கிடக்கும். அதை எழுதினவன் ஒருக்கால் பளைக்கு வந்திட்டுப் போயிருக்கோணும்.

ஏனெண்டு கேள். ஏ9 றோட்டில 70க்கு மேல போனால் பொலிஸ்காரன் மரத்துக்குப் பின்னால நிண்டு கைகாட்டுவான். அதால நீ செய்யிறது என்ன? வீட்டிலயிருந்து சந்திக்கு ரோல்ஸ் தின்னப் போறாய், திரும்பி வாறாய். போக வர ரெண்டு கட்டை வராது. எஞ்சின் சூடேற முதல் நிப்பாட்டுறாய். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடப் போகும். எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழ ஒயிலுக்குள்ள இறங்கும். எரிஞ்சதில வாற நீராவியும் தண்ணியாகி அங்கயே படியும். ஒயில் நல்லாச் சூடேறி ஒரு அரை மணித்தியாலம் ஓடினால்தான் ரெண்டும் ஆவியாப் போகும். நீ கேத்திலைக் கொதிக்க முதல் இறக்கி இறக்கி வைக்கிற ஆள். போதாக்குறைக்குத் திருவிழா மூட்டம் கோயிலடியில நிண்டு அரை மணித்தியாலம் உறுமிக் காட்டினாய். மீற்றரில ஒரு கட்டையும் ஏறேல்லை. எஞ்சினுக்கு வயசு ஏறிச்சுது.

இது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியோ? 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு பெற்றோல் எங்களுக்குச் சென்ற் மாதிரி. சின்னப் போத்தலில விப்பாங்கள், சொட்டுச் சொட்டாப் பாவிப்பம். நான் அப்ப ஒரு ஏ40 கார் வைச்சு வாடகைக்கு ஓடினன். ஊசிக் குழாயால கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள அடிச்சு ஸ்ராட் எடுக்கிறது. பிடிச்ச உடன மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னால சைக்கிளில வாறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்ர பரம்பரையையே கூப்பிடுவான்.

மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது, கண்டியோ. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரால வழிஞ்சு ஒயிலோட சேரும். ஒயில் குறைஞ்சால்தான் பயப்பிடோணும் எண்டு எல்லாரும் நினைக்கிறது. எனக்கு ஒயில் கூடிச்சுது! ஒவ்வொரு நாளும் ஒயில் மட்டம் பாக்கிற ஸ்ரிக்கை இழுத்தால் மட்டம் மேல நிக்குது. ஊத்தாமலே ஏறுதே, அம்மாளாச்சியின்ர அருள் எண்டு நானும் ஒரு கிழமை சிரிச்சுக்கொண்டு திரிஞ்சன். அடுத்த கிழமை பிக் எண்ட் பெயாரிங் தட்டத் தொடங்கிச்சுது. இறக்கிப் பாத்தால் ஒயில் தண்ணி மாதிரி ஓடுது, மணம் குப்பி விளக்கு மணம். அதுக்குப் பிறகு நான் மீற்றரைப் பாத்து ஒயில் மாத்தேல்லை. மூக்கைக் கேட்டுத்தான் மாத்தினன்.

உன்ர காரில மண்ணெண்ணெய்க்குப் பதில் பெற்றோல், அவ்வளவுதான் வித்தியாசம். கொழும்பில ஆரோ கொம்பியூட்டரைத் தட்டி பூஸ்ற் கூட்டித் தந்ததெண்டு பெருமை அடிச்சாய். பூஸ்ற் கூட்டினவன் எஞ்சின் வெடியாமலிருக்கப் பெற்றோலையும் கூட்டித்தான் விட்டிருப்பான். அதால ஸ்ரிக்கை இழுத்துப் பார். நிரப்பான இடத்தில விட்டு, நிப்பாட்டி அஞ்சு நிமிசம் கழிச்சுப் பார். மட்டம் ஏறியிருந்தால், பெற்றோல் மணத்தால், மீற்றர் என்ன சொன்னாலும் மாத்து.

நிறத்தைப் பாத்து ஏமாறாதை. கறுத்திட்டுது, பழுதாப் போச்சு எண்டு ஓடி வருவாங்கள். கரியையும் அழுக்கையும் பிடிச்சு வைக்கிற மருந்து ஒயிலுக்குள்ள இருக்குது. அது வேலை செய்தால் ஒயில் கறுக்கும். வயலுக்கை போய் வந்தவன்ர சாரம் வெள்ளையா இருந்தால் அவன் வரம்பில நிண்டு கதைச்சிட்டு வந்திருக்கிறான். பால்த்தேத்தண்ணி நிறத்தில இருந்தால் மட்டும் திறப்பைக் கழட்டி என்னட்டைத் தா. றேடியேற்றர்த் தண்ணி உள்ளுக்கை போயிருக்கும், ஹெட் கஸ்கற்றைப் பாக்கோணும். ஒயில் ஊத்துற மூடியில மட்டும் கொஞ்ச நுரை எண்டால் அது அனேகமா உன்ர ரோல்ஸ் ஓட்டத்தின்ர வியர்வை. வடிச்ச ஒயில் கூறைச்சேலைச் சரிகை மாதிரி மினுங்கினால் பெயாரிங் தேயுது, வீட்டில காசு கேக்க ஆயத்தமாகு.

மாட்டு வண்டில் நல்ல சாதி. அச்சுக் காய்ஞ்ச உடன கத்தும், நாங்களும் எண்ணெய் விடுவம். எஞ்சின் அப்பிடியில்லை. அது கத்தேக்கை நீ கப்பலில வாற சாமான் தேடோணும்.

உந்த ரேர்போ இருக்குதே, முகமாலையிலயிருந்து பறந்து வரேக்கை அது நிமிசத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல சுத்தும். அந்தத் தண்டைத் தாங்கிறது ஒயில்ப் படை ஒண்டுதான். நீ கேற்றடிக்கு வந்த வேகத்தில டக்கெண்டு நிப்பாட்டினால், நிண்ட ஒயில் அந்தச் சூட்டில கருகி அடைப்பிடிச்சுப் போகும். கடைசி ரெண்டு கட்டையை ஆறுதலா ஓட்டு. வந்து ரெண்டு நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டு. அந்த நேரத்தில கேற்றைத் திறக்கலாம், நாயைக் கட்டலாம்.

சித்திரையில நுவரெலியா மகாகஸ்தொட்டை மலையோட்டத்துக்குப் போகப் போறன் எண்டாய். 1934இல தொடங்கின ஓட்டம், போ. தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சிடும், எண்டாலும் அந்தக் கொஞ்ச நேரம் எஞ்சின் உயிரைப் பிடிச்சுக்கொண்டு ஓடும். போக முதல் புது ஒயில், புது பில்ரர். வந்து திரும்பவும் மாத்து. காசைப் பாத்தால் வீட்டில இருந்து கரம் விளையாடு. கானில 5 டபிள்யூ 30 எண்டு போட்டிருக்கும். முன்னால இருக்கிறது குளிருக்குச் சொன்ன எண், பளையில அதுக்கு வேலை குறைவு. பின்னால இருக்கிறதுதான் சூட்டுக்கு. அதைக் கூட்டாளி சொன்னபடி வாங்காமல் புத்தகம் சொன்னபடி வாங்கு. ஓடாமல் மூடி வைச்சிருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணும்.

கழிச்ச ஒயிலை என்ன செய்யிறது? முந்தி நான் கறையானுக்கெண்டு வேலிக் கட்டைக்குப் பூசினனான், மிச்சத்தைத் தென்னையடியில ஊத்தினனான். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்து, வழக்கு உயர் நீதிமன்றம் மட்டும் போனாப் பிறகு விட்டிட்டன். நீயும் கானில அடைச்சு கராஜில குடுத்திடு. என்ர வளவுக்குள்ள ஒரு சொட்டும் விடாதை. கிணறு உதில, காரிலயிருந்து இருபது அடி.