கொடைக்கானல் ஏறிய கடற்கொள்ளையர்

வைக்கிங்குகள் கொடைக்கானலுக்கு வந்ததில்லை. அவர்கள் படகுக்கு மலையேறத் தெரியாது. ஆனால் சரக்கு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

கி.பி. 793-ல் இந்த வடகடல் ஆசாமிகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவு மடத்தில் புகுந்தார்கள். சாமியார்களிடம் வெள்ளி இருக்கும், வாள் இருக்காது என்பது அவர்கள் கண்ட பொருளாதாரம். 865-ல் பெரும்படையாகவே வந்தவர்கள், ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார்கள். ஆல்ஃபிரட் ராஜா சதுப்புநிலத்தில் ஒளிந்தார். ஒளிந்த வீட்டில் அடுப்பிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், கருகவிட்டுத் திட்டு வாங்கினாராம். கதைதான். ஆனால் அந்த 'கேக்' என்ற சொல்லே பிற்பாடு எதிரி வீட்டிலிருந்து வந்தது! 878-ல் ஒருவழியாக ஜெயித்த ராஜா, எதிரித் தலைவன் குத்ரமுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, தானே ஞானத்தகப்பனும் ஆனார். வடக்கும் கிழக்கும் டேனியர்களிடமே, அதாவது அந்த வைக்கிங்குகளிடமே, இருந்தன. 1016-ல் கனூட் என்ற டேனியன் சிம்மாசனத்திலேயே ஏறி உட்கார்ந்தான்.

சண்டை ஓய்ந்ததும் சம்பந்தம் ஆரம்பித்தது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, சந்தையில் பேரம் பேசி, ஆங்கிலமும் வைக்கிங் மொழியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின. கொடைக்கானலுக்குத் தேனிலவு வரும் ஜோடியையே பாருங்கள். 'ஒய்ஃப்' அசல் ஆங்கிலச்சி; 'ஹஸ்பெண்ட்' வைக்கிங் மாப்பிள்ளை. அவர் கையிலுள்ள 'பேக்', கேக் வெட்டும் 'நைஃப்', அறையின் 'விண்டோ' எல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சீர். விண்டோ என்றால் அவர்கள் மொழியில் காற்றுக்கண். நம் சிலப்பதிகாரத்துக் காலதர் மாதிரி. 'ஸ்கை' என்றால் அவர்களுக்கு மேகம். கொடைக்கானல் மலைவிளிம்பிலுள்ள கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்தால் ஸ்கை காலுக்குக் கீழே ஓடும். வைக்கிங் கணக்கில் அது சரிதான்.

முட்டையும் அவர்களுடையதே. 1490 வாக்கில் அச்சுக்காரர் காக்ஸ்டன் ஒரு வேடிக்கை எழுதினார். தேம்ஸ் கரையில் ஒரு வியாபாரி 'எக்ஸ்' கேட்டான். வீட்டம்மாளோ தனக்கு பிரெஞ்சு தெரியாது என்றாள். பழைய ஆங்கிலச் சொல்லான 'ஐரன்' என்று இன்னொருவன் விளக்கிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கடைசியில் எக் ஜெயித்தது. இன்று கொடைக்கானல் ஏரிக்கரை பிரெட் ஆம்லெட் கடையில் ஐரன் கேட்டால் இஸ்திரிப் பெட்டிதான் வரும்.

இதே டேனியர்கள் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டான்ஸ்பர்க் கோட்டை கட்டினார்கள். 225 வருஷம் இருந்தும் தமிழில் டேனிஷ் சொல்லைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். கடற்கரையில் வியாபாரத்துக்குப் போர்த்துகீசியம் போதுமாக இருந்தது. டேனிஷ் ராஜா அனுப்பிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் 1706-ல் வந்திறங்கியவுடன் தமிழ் படிக்க உட்கார்ந்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டுவிட்டார். கோட்டைக்குள் இருந்துகொண்டு கணக்குப் பார்த்தவர்களால் ஒரு முட்டையைக்கூட நம் மொழியில் வைத்துவிட்டுப் போக முடியவில்லை. 1845-ல் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அதே 1845-ல்தான் மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். டேனியர்கள் தரங்கம்பாடி வழியாக வெளியேறிய வருஷமே, அவர்கள் பாட்டன்மார் சொற்கள் ஆங்கில மூட்டைக்குள் ஒளிந்து பழனி மலை ஏறிவிட்டன! 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரி வெட்டினார், 1901-ல் பள்ளிக்கூடம் வந்தது. சொற்கள் மலையிலேயே நிரந்தரமாகக் குடியேறின. அங்கே நம் சோலையும் சும்மா இருக்கவில்லை. 'ஷோலா' ஆகி ஆங்கில அகராதிக்குள் நுழைந்துகொண்டது.

மொழிக்குள் வாள் நுழையாது, சம்பந்தம்தான் நுழையும். 'தே', 'தெம்' என்ற சர்வநாமங்களைக்கூட ஆங்கிலம் கொள்ளைக்காரனிடம் இரவல் வாங்கியது. அடுத்த முறை யாராவது உங்கள் ஆங்கிலத்தைப் பார்த்துச் சுத்தமில்லை என்று மூக்கைச் சுளித்தால், "எந்தக் கொள்ளைக்காரன் வீட்டுச் சுத்தம், சார்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.