சம்பந்தி வீட்டுக் கதை

புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஒரு 'லண்டன் சித்தப்பா' உண்டு. நம்மவர் நார்த்தாமலைக்காரர், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் டீக்கடைப் பெஞ்சில் கிடைப்பார். திருச்சியைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஆனால் டியூடர், ஸ்டூவர்ட், ஹானோவர் என்று இங்கிலாந்தின் அரச வம்சங்களை மூச்சுவிடாமல் சொல்லுவார்.

வெள்ளைக்காரன் பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "அவன் கட்டின பாலம் இன்னும் நிக்குது" என்பதோடு அவர்கள் சரக்கு தீர்ந்துவிடும். சித்தப்பாவிடம் அந்தப் பக்தியெல்லாம் கிடையாது. அவருக்கு இங்கிலாந்து சம்பந்தி வீடு. விவரம் முழுசாகத் தெரியும், மரியாதை பாதிதான் உண்டு.

உறவு எப்படி வந்தது என்று கேட்டால் 1915-க்குப் போய்விடுவார். அந்த வருஷம் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கைப்பிடித்தார்.

"அது ஆஸ்திரேலியாவுல சித்தப்பா."

"நம்மாளு மலேயாவுக்குப் போனா மலாய்க்காரன் ஆயிடுவானா? அங்க போய்க் குடியேறினதும் அவுக பங்காளிகதான்டா."

வெள்ளை அரசாங்கம் மோலியை மகாராணியாக ஏற்கவில்லை. அவர் மகனுக்குப் பட்டமும் இல்லை. ராஜா அயல்நாட்டிலேயே தங்கி 1928-ல் காலமானார்; லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டினார்கள். சித்தப்பாவின் ஆறாத மனத்தாங்கல் இதுதான். அதற்கு வஞ்சம் தீர்க்கத்தான் சம்பந்தி வீட்டு வண்டவாளம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்.

"எட்டாம் ஹென்றிக்கு ஆறு கல்யாணம். ரெண்டு பொண்டாட்டி தலையை வெட்டினவரு. அதுக்கப்புறமும் பொண்ணு கொடுத்தாகளே, விசாரிக்க மாட்டாகளா?"

"குரோம்வெல் செத்துப் புதைச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1661-ல தோண்டியெடுத்துத் தூக்குல போட்டாக. தலை ஊர் ஊராச் சுத்தி 1960-லதான் கேம்பிரிட்ஜுல அடங்குச்சு. காரியம் பண்ண முந்நூறு வருஷம் எடுத்துக்கிட்ட வீடு அது."

"1714-ல ராஜா இல்லைன்னு ஆனப்ப, ஐம்பது பங்காளிக்கு மேல இருந்தாக. எல்லாரும் கத்தோலிக்கருன்னு தள்ளிட்டு ஜெர்மனியிலேருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தாக. அவருக்கு இங்கிலீஷே சரியா வராது. எனக்கும் வராது. என்னை யாரும் கூப்பிடலை."

1752 செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்த இங்கிலாந்து, மறுநாள் எழுந்தபோது தேதி 14. பஞ்சாங்கத்தைத் திருத்த பதினோரு நாளைக் கழித்திருந்தார்கள். அவர்களின் வரிக்கணக்கு இன்றும் ஏப்ரல் 6-ல் தொடங்குவது அந்தக் குழப்பத்தின் மிச்சம். கடைக்கார அண்ணன் இதைக் கேட்டதிலிருந்து, பாக்கிக்காரர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்டுவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்.

வைதுகொண்டே இருப்பவர், யானைக் கணக்கு வந்ததும் குழைந்துவிடுவார். 1803-ல் கீழாநிலைக் கோட்டையைக் கும்பினி அன்றைய தொண்டைமானுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வருஷம் ஒரு யானை கப்பம் என்று பேச்சு. "நாம கொடுக்கவுமில்லை, அவுக கேட்கவுமில்லை. 1836-ல வேண்டாம்னு அவுகளாவே எழுதிக் கொடுத்துட்டாக. முப்பது யானைக்கு மேல பாக்கி! சீர் பாக்கியை இப்படித் தள்ளிவிடுற சம்பந்தி எங்கடா கிடைப்பான்?" கல்யாணத்துக்கு நூறு வருஷம் முன்பே சீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் டீ அவர் கணக்கில் வராது.

அவரைப் பெஞ்சிலிருந்து எழுப்ப ஒரே வழிதான் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து லாரி டிரைவர் யாராவது, "கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது உங்க ஊர்தானே, பெரியவரே?" என்று கேட்க வேண்டும். 1799-க்கு அவரிடம் பதில் இல்லை. தன் ஆட்டை நிழலுக்கு மாற்றிக் கட்ட வேண்டிய நேரம் அப்போதுதான் வரும். ஆடு ஏற்கெனவே நிழலில்தான் நிற்கும்.

ஊர்க் கதை தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. நார்த்தாமலையின் மேலமலைக் கோயிலுக்கு வெள்ளைக்காரர்கள் வந்தால் கைத்தடியோடு முன்னால் நடப்பார். "கோயில் பேரு விஜயாலய சோழீச்சரம். பேருதான் சோழன் பேரு. கட்டினது சாத்தன் பூதிங்கிற முத்தரையரு. மழையில இடிஞ்சதைப் புதுப்பிச்சது மல்லன் விடுமன். கல்வெட்டே சொல்லுது" என்று சுத்தமாக ஒப்பிப்பார். அதோடு நிறுத்தினால் தொல்லியல் துறையே சம்பளம் போட்டுக் கொடுத்திருக்கும்.

"பேரு ஒண்ணு, ஆளு வேறன்னா உங்களுக்கு நல்லாப் புரியும். எங்க கல்யாணத்துல குலம் கோத்திரம் பார்த்த உங்க ஐந்தாம் ஜார்ஜ், ரெண்டே வருஷத்துல, 1917-ல, ஜெர்மன் குடும்பப் பேரை மறைச்சு விண்ட்சர்னு மாத்திக்கிட்டவருதானே!"

கூட வரும் கைடுகள் இந்தக் கடைசிப் பகுதியை, "ஐயா உங்களை அன்போடு வரவேற்கிறார்" என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.