லயக்காம்பரா மென்பொருளியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி, மென்பொருள் செய்யும் முறை பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். 'அஜைல்' என்று அதற்குப் பெயர். அந்த வழியில் நடக்கும் குழுக்கள் இன்று உலகெங்கும் காலையில் வட்டமாக நின்று, பதினைந்து நிமிடத்துக்குள் அன்றைய வேலையைப் பேசிப் பிரித்துக்கொள்கின்றன. இதைப் புதுமை என்று எழுதிய அறிஞர் எவரும் விடியற்காலையில் தெரணியகலைப் பக்கம் வந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரைக் கூட்டி அன்றைய வேலை பிரிக்கும் ஒரு பெரட்டுக்களத்தில் நின்றதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம்: மூன்று பேர், இரண்டு மடிக்கணினி, லயக்காம்பராவின் முன்பக்கத்து இஸ்தோப்பு. செய்தொழில்: கடைகளுக்கு இணையத்தளம் கட்டிக்கொடுத்தல். மூவரில் ஒருவர் இவ்வாய்வாளரே என்பதால் நடுநிலைமைக்கு உத்தரவாதம் இல்லை. நான்காமவர் தாத்தா, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவரை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. நாங்கள் வேலை செய்யும் இடத்தில் அவருடைய கதிரை ஏற்கெனவே கிடந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் நாங்கள் வட்டமாக நின்றதைப் பார்த்துவிட்டு, "என்னடா, பெரட்டா?" என்றார்.

"ஸ்டேண்ட்-அப் தாத்தா. நேத்து என்னா செஞ்சோம், இன்னிக்கி என்னா செய்யப்போறோம், எதுனாச்சும் தடங்கல் இருக்கா, இந்த மூணையும் ஆளாளுக்குச் சொல்லணும்."

"மொத ரெண்டும் சரி. மூணாவத நாங்க கேட்டதே இல்லியே," என்றார்.

ஸ்னோபேர்டுக்கும் பெரட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன நூல் எதுவும் இவ்வாய்வாளரின் கண்ணில் படவில்லை.

மறுநாள் அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு கிழித்து, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலைத் தொடங்கினார். எங்கள் தளத்தின் பகுதிகளுக்கும் அவர் தோட்டத்துப் பிரிவுகளைப் போல மலை என்றே பெயர் வைத்தார். முகப்புப் பக்கம் ஒன்றாம் நம்பர் மலை. காசு கட்டும் பக்கம் ஏழாம் நம்பர். ஏழாம் நம்பருக்குப் போக எங்களில் யாருக்கும் விருப்பமில்லை. தோட்டத்திலும் ஏழாம் நம்பர் அப்படித்தானாம், ஒரே செங்குத்து.

அடுத்தது அளவை இயல். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிச் சீமையில் கொழுந்து நனைந்திருப்பது நியாயமே. வெயில் நாளிலும் தண்ணி கழிவது இயற்பியலுக்கு அப்பாற்பட்ட விடயம். எங்கள் தொழிலில் இது தலைகீழ். நான் "ரெண்டு நாள்ல முடியும்" என்றால் தாத்தா தண்ணி சேர்த்து ஐந்து என்று எழுதிக்கொள்வார். இதுவரை அவர் கணக்குப் பிழைத்ததில்லை. குறித்த கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்ட வழக்கம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. மென்பொருள்காரர்கள் வேலையைப் 'புள்ளி' போட்டு அளப்பதைத் தாத்தாவுக்கு விளக்கியபோது, "புள்ளிய யாரு ஏத்துறது?" என்று மட்டும் கேட்டார்.

பிழையியலைப் பார்ப்போம். 1947இல் ஹாவர்ட் மார்க் II கணினிக்குள் சிக்கிய அந்துப்பூச்சியைப் பொறியியலாளர்கள் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். கணினிப் பிழையை 'பக்' என்பதற்கு அந்தப் பூச்சியின் கதைதான் பிரசித்தம். அந்தக் கணினி எங்கள் சபரகமுவை மாகாணத்தில் இருந்திருந்தால் இந்தப் பதவி அட்டைக்குக் கிடைத்திருக்கும். பூச்சி பறந்தால் தெரியும். அட்டை எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது, இரத்தம் வழிந்த பிறகுதான் காலைப் பார்ப்போம். எங்கள் பிழைகள் எல்லாம் அந்தச் சாதி. அட்டை ஏறாதிருக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலை ஏறுவதுதான் நிரலுக்குச் சோதனை எழுதுதல் என்று தாத்தாவுக்குச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார். நாங்கள்தான் இன்னும் பூசத் தொடங்கவில்லை.

கவ்வாத்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையைக் கட்டையாக வெட்டாவிட்டால் செடி மரமாகப் போய்விடும். வெட்டினாலோ சில மாதத்துக்குக் கொழுந்து இல்லை. பழைய நிரலைத் திருத்தி எழுதுவதும் இதேதான். "ரெண்டு கிழமைக்குப் புதுசா ஒண்ணும் வராது, உள்ளுக்குத் துப்புரவு நடக்குது" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னோம். "அப்ப ரெண்டு கிழமைக்குக் காசும் வராது" என்றார் அவர். அந்தத் தளம் இப்போது மரம்.

பங்கு பிரிப்பதில் மட்டும் நாங்கள் தோட்டத்தை விட்டு மாணிக்கக் குழிக்குப் போனோம். காணிக்காரருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டார்க்காரருக்கு ஒரு பங்கு, இறங்கித் தோண்டுகிறவர்களுக்குச் சாப்பாடும், கல் கிடைத்தால் பங்கும். சிலிக்கன் பள்ளத்தாக்கு இதைத்தான் வேறு சொற்களில் செய்கிறது. எங்கள் குழியில் சாப்பாடு அம்மாவுடையது, மின்சாரம் தாத்தாவுடையது. கல் இன்னும் கிடைக்கவில்லை.

கடந்த மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டினோம். எனக்குப் பதினொரு அரைப்பேர். மற்ற இருவருக்கும் என்னிலும் மோசம். நாலாவது வரிசையில் மாதம் முழுக்க முழுப்பேர் விழுந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட.

"இது யாரு தாத்தா?"

"நாந்தான். பெரட்டுக்கு டைமுக்கு வந்தது நான் ஒருத்தன்தானே," என்றவர், கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, ஏழாம் நம்பர்ல என்னா தடங்கல்?" என்றார்.