ஜனவரி வெயிலும் ஒரு வாழைப்பழமும்

இங்கிலாந்துச் சிற்றூரில் ஓவியக்கடை நடத்துபவருக்கு இரண்டு சுவர். ஒன்றில் நேற்றைய அக்ரிலிக். மற்றதில் விக்டோரியா காலத்து நீர்வண்ணம். முதலாவது விற்க வெளிச்சம் வேண்டும், இரண்டாவது பிழைக்க இருட்டு வேண்டும்.

மிகையில்லை; வெளிச்சம் பட்டுப் பட்டு நீர்வண்ணம் வெளிறும். 1899இல் மறைந்த சேகரிப்பாளர் ஹென்றி வாகன், ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை எடின்பரோவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்தார். ஜனவரியில் மட்டும், அதுவும் இலவசமாகக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஸ்காட்லாந்தின் ஜனவரி வெயில் யாரையும் சுட்டதில்லை.

கடைக்காரர் பதினொரு மாதம் பூட்டிவைக்க முடியுமா? வாடகை பன்னிரண்டு மாதமும் வருகிறதே!

நவீனக் கலையில் சிலவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2019இல் மயாமியில் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்கு விற்றது. பழம் அழுகினால் வேறு பழம்; சான்றிதழ் பத்திரமாக இருந்தால் போதும். பழைய நீர்வண்ண மேகத்திலோ அவுரி நீலம் வெளிறி, கூடக் கலந்த சிவப்பு மட்டும் மிஞ்சும். அப்போது விலைச்சீட்டில் ‘அந்திவானம்’ என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.