ஓடுகிற பொருளைப் படுக்கவைப்பது எப்படி?

உங்கள் பொருள் சந்தையில் சக்கைப்போடு போடுகிறதா? கவிழ்க்க இதுதான் நல்ல நேரம். பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதிக்குக் கோடாக் கம்பெனியைக் குருவாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. புதியதை நீங்களே முதலில் கண்டுபிடியுங்கள். போட்டிக்காரன் கண்டுபிடித்து நாம் தோற்பதில் என்ன பெருமை? 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் ஃபிலிமே இல்லாத கேமரா ஒன்றைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி.

2. அந்தப் படத்தை டிவியில் போட்டுக் காட்டினால், டிவி பெட்டியில் போய் எவன் போட்டோ பார்ப்பான் என்று கேளுங்கள். சாமானிய மக்கள் வாங்க எத்தனை வருடம் ஆகும் என்றும் விசாரியுங்கள். சாசன் சொன்ன கணக்கு 15 முதல் 20. அப்பாடா! அதற்குள் நீங்கள் ரிட்டயர் ஆகிவிடுவீர்கள்.

3. காப்புரிமை வாங்கிப் பூட்டிவையுங்கள். கோடாக்குக்கு 1978-இல் கிடைத்தது.

4. இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். காசு கேமராவில் இல்லை. ஃபிலிம் ரோலில், கழுவும் ரசாயனத்தில், பிரிண்ட் பேப்பரில் இருக்கிறது. கல்யாண வீட்டில் 36 படம் எடுத்தால் 36-ஐயும் கழுவித்தான் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்கும் காசு, லென்ஸை மறைத்த கட்டைவிரலுக்கும் காசு. டிஜிட்டலில் சித்தப்பாவை அங்கேயே அழித்துவிடுவார்கள். ஆகவே புதுப் பொருளைப் பற்றி எவராவது வாய் திறந்தால் லாப விகிதத்தைக் கேளுங்கள். அதன் முதல் வருடக் கணக்கைப் பழைய பொருளின் உச்ச வருடக் கணக்கோடு ஒப்பிடுங்கள். எந்தப் பொருளும் தேறாது. இதற்கு நிதித்துறையும் கைதட்டும்.

5. பழையதற்கே புதுச் சட்டை போடுங்கள். 1996-இல் கோடாக்கின் அட்வான்டிக்ஸ் ஃபிலிம் வந்தது: புது வடிவ ரோல், தகவல் பதியக் காந்தப் பூச்சு. கழுவுவது மட்டும் மாறவில்லை. 2004-இல் அந்த வகைக் கேமராவையே கோடாக் நிறுத்தியது.

6. எல்லாரும் கிளம்பிய பிறகு தலைதெறிக்க ஓடுங்கள். 2005-இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக்தான் முதலிடம். அதற்குள் கேமரா செல்போனுக்குள் குடியேறத் தொடங்கியிருந்தது.

7. போட்டிக் கம்பெனியான ஃபியூஜி ஃபிலிம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஃபிலிம் செய்யப் பழகிய கொலாஜன் அறிவை எடுத்துக்கொண்டு 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்று முகக் கிரீம் விற்கப் போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் பிழைக்கும் ஆசை வந்துவிடும்.

2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. சாசனின் கேமராவிலிருந்து கணக்கிட்டால் 36 வருட உழைப்பு. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். இப்போதெல்லாம் பொருள்களின் ஆயுள் குறைந்துவிட்டது, சீக்கிரமே முடித்துவிடலாம்.