எட்டு ஜிபியில் எத்தனை குடித்தனம்

பெங்களூர் தொம்மலூரில் ஒற்றை அறை எனக்கு. என் பழைய ராஸ்பெரி பை குட்டிக் கணினிக்கு 8 ஜிபி மெமரி கார்டு. அதில் எனக்கு முன்பே குடியேறியிருந்தார் வுல்ஃப்ராம் என்ற கணித மென்பொருளார். தொகையீடு, வகையீடு எல்லாம் போடுவாராம். எனக்கு மளிகைக் கணக்கே உதைக்கிறது. அவரைக் காலிசெய்யக் கட்டளைகள் உண்டு. ‘ஆப்ட் ரிமூவ்’ என்றால் ஆள் போவார், செட்டிங் மூட்டை பரணிலேயே கிடக்கும். ‘பர்ஜ்’ என்றால் மூட்டையும் சேர்ந்து வெளியே. ஒட்டிக்கொண்டு வந்த மைத்துனர்களுக்கு ‘ஆட்டோரிமூவ்’. டவுன்லோடு மிச்சங்களுக்கு ‘கிளீன்’.

இங்கே தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரில் பழங்காலத் தமிழ் எழுத்து இன்னும் இருக்கிறது. கல்லுக்கு ‘பர்ஜ்’ கிடையாது.

காலியான இடத்தை ரசித்துக்கொண்டே தூங்கினேன். காலையில் அப்டேட் நிற்கிறது, பெட்டி படுக்கையோடு.