புல்லைத் தூக்கி அடியைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செயற்கைப் புல்லைப் பற்றியவை. அதனால் பதில்களும் அதற்கே.

கே: "போட்டுவிட்டால் போதும், பராமரிப்பே வேண்டாம்" என்று சொல்லி விற்றார்கள். ஒரே வருஷத்தில் படுத்துவிட்டதே? (மடிப்பாக்கம் வாசகி)

ப: தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம். அந்த மட்டில்தான் அவர்கள் சொன்னது உண்மை. நடக்க நடக்க இழை ஒரே பக்கம் சாயும். வாரம் ஒருமுறை எதிர்ப்பக்கமாக வாரி நிமிர்த்துங்கள். கெட்டியான நைலான் பிரஷ் அல்லது ஈர்க்குமாறு போதும். கம்பி பிரஷ் இழையைக் கிழித்துவிடும். வாரியும் எழவில்லை என்றால், விரலை உள்ளே விட்டு அடியில் சிலிக்கா மணல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். உயரமான புல்லுக்கு அந்த மணல்தான் முட்டுக்கொடுக்கிறது. குறைந்திருந்தால், புல் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி வாரிவிடுங்கள். வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்டைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள தூள் வடிகால் துளைகளை அடைக்கும்.

கே: தீபாவளிக்குச் சங்குசக்கரம் சுற்றிய இடத்தில் உள்ளங்கை அகலம் கருகிவிட்டது. மொத்தமும் மாற்றச் சொல்கிறார் போட்டவர். (பீளமேடு வாசகர்)

ப: வேண்டவே வேண்டாம். முதலில் கருகிய இடத்தைத் தடவிப் பாருங்கள். இழை நுனியில் மட்டும் கடுகு மாதிரி உருண்டைகள் தட்டுப்பட்டால், நுனியைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. அடித்துணி வரை உருகியிருந்தால்தான் ஒட்டுப்போட வேண்டும். விரிப்பை ஓரத்திலிருந்து தூக்கி மடித்து, பின்புறம் தெரியும் தையல் வரிசைகளுக்கு நடுவே கட்டர் பிளேடால் சதுரமாக வெட்டி எடுங்கள். மேலிருந்து வெட்டினால் நல்ல இழையும் சேர்ந்து போகும்.

அதே அளவு துண்டை வைக்கும்போது புல் சாயும் திசை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். திசை மாறினால் ஒரே ரோலில் வெட்டிய துண்டுகூட வேறு நிறமாகத் தெரியும். ஒட்டு அசிங்கமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடியில் இணைப்பு நாடா, அதன்மேல் பாலியூரித்தேன் பசை. மரவேலைக்கான வெள்ளைப் பசை முதல் மழையிலேயே இளகிவிடும். ஓரத்து இழைகள் பசையில் சிக்காதபடி விரலால் ஒதுக்கிவிட்டு, செங்கல் அடுக்கி ஒரு நாள் விடுங்கள்.

புதுத்துண்டு பளிச்சென்று தனியாகத் தெரியும் என்று கவலையா? பூந்தொட்டிக்குப் பின்னாலோ, சுவரோரத்திலோ கண்ணில் படாத மூலையில் பழைய புல்லை வெட்டி இங்கே ஒட்டுங்கள். புதுசை அந்த மூலைக்கு அனுப்பிவிடுங்கள்.

கே: நெருப்பே படவில்லை. ஒரு பட்டை மட்டும் உருகிச் சுருண்டிருக்கிறது. (அண்ணா நகர் வாசகர்)

ப: எதிர் ஜன்னலைப் பாருங்கள். வெப்பம் தடுக்கும் கண்ணாடி வெயிலைத் திருப்பியடிக்கும்போது புல் உருகுவதுண்டு. வெளிப்பக்கம் வலையோ திரையோ கட்டாமல் ஒட்டுப்போட்டால், ஒட்டும் உருகும்.

கே: செயற்கைப் புல் முதலில் எங்கே வந்தது? (வாணியம்பாடி மாணவி)

ப: பேர் வாங்கியது அமெரிக்காவின் ஹூஸ்டனில். ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட அரங்கம் 1965-இல் திறந்தது. கூரை வழியே வந்த வெளிச்சம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் அதற்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து உள்ளேயிருந்த நிஜப் புல் செத்தது. 1966-இல் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். வெயில் எட்டாத இடத்தில் பேர் வாங்கிய சரக்கை நாம் கத்திரி வெயிலில் விரிக்கிறோம். நிஜப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் முடியாது. உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் சூடு கொஞ்ச நேரம்தான் அடங்கும். குழந்தை வெறுங்காலோடு ஓடும் இடமென்றால் ஷேட் நெட் கட்டுங்கள்.

கே: மொட்டை மாடியில் புல் போட்ட பிறகு கீழ் அறையில் ஈரம் கசிகிறது. புல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? (கே.கே. நகர் வாசகி)

ப: பெரும்பாலும் உண்டு. உங்கள் வீட்டில் இன்றே பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு மூலையைத் தூக்குங்கள். கறுப்புச் சேறு, பாசி, அழுகிய வாடை இருந்தால் மாதக்கணக்காக நீர் அங்கே தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். விரிப்பின் துளை வழியே இறங்கிய மழைநீர் தளத்தில் ஓட வழி வேண்டும். நீர் வாட்டம் சரியில்லாத தளத்தில் விரிப்பை நேராக ஒட்டிவிட்டால், வெயில் வந்தும் ஈரம் காயாது. தளத்தில் இருக்கும் சின்ன விரிசல்கூட அதை வீட்டுக்குள் இறக்கிவிடும்.

விரிப்பைச் சுருட்டி ஓரம் வையுங்கள். தளத்தைக் காயவிட்டு, விரிசலை அடைத்து, வாட்டத்தைச் சரிசெய்து, வாட்டர்புரூஃபிங் முடித்தபின் அடியில் நீர் ஓட இடம்விடும் டிரெய்ன் செல் தட்டுகளை அடுக்கி அதன்மேல் விரியுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைப் புல்லால் மூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

கே: நாய் மூத்திர வாடை போக பிளீச்சிங் பவுடர் போடலாமா? (திருநகர் வாசகர்)

ப: கூடாது. மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின். தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து அலசுங்கள். அப்படியும் வாடை போகவில்லை என்றால், அடித்தளத்தில் ஊறிவிட்டது. தூக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

கே: எப்போது மாற்றுவது? (தஞ்சாவூர் வாசகர்)

ப: நாலு இழையைப் பிடித்து நிமிண்டுங்கள். தூளாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அந்தத் தூள் மழையோடு சாக்கடைக்கும் குளத்துக்கும் போகும், தள்ளிப்போடாதீர்கள். இழை ஒரு பிளாஸ்டிக், அடிப்பூச்சு வேறு ஒன்று என்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் குறைவு. ஆனாலும் எரிக்கவே கூடாது. பால்கனிக்கும் மாடிக்கும் மறுபடி அதையே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மண்தரை உள்ள முற்றத்துக்கு மட்டும் வேண்டாம். வெயில் விழும் மண்ணில் அருகம்புல் நடுங்கள். இரண்டு மழை கண்டால் தானாகப் படர்ந்துவிடும், ஒட்டுப்போடும் வேலையே இராது.